எந்த வியாழக்கிழமை?

2021 ஜூலை மாதம். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் கொவிட்டுக்கான சினோபார்ம் தடுப்பூசி ஏற்றிக்கொண்டிருந்தோம். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். அன்றைக்கு வந்த டோஸ் எல்லாம் முடிந்து, ஐஸ் பெட்டியை மூடுகிற நேரம் கேற்றடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் அடையாள அட்டை, பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்கும் கிளினிக் கொப்பி, ஒரு தண்ணீர்ப் போத்தல். சாம்பல்தீவுக்கு அங்காலிருந்து வந்திருந்தார்.

"தம்பி, இண்டைக்கு எங்கட பக்கத்து ஆக்களுக்கு எண்டு போனில வந்தது."

பேரன் போனைக் காட்டினான். எங்கள் அறிவித்தல்தான், பொய் இல்லை. ஆனால் அது போன கிழமை போட்டது. "வியாழக்கிழமை காலை 8.30 முதல்" என்று மட்டும் இருந்தது. எந்த வியாழன் என்று இல்லை. திகதி போடாமல் அதை எழுதியவன் நான்.

அந்த அம்மா என்னோடு கோபப்படவே இல்லை. "சரி மகன், எப்ப வர?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக திருகோணமலை மாவட்டத்தில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொவிட் காலத்தில் தடுப்பூசியைப் பற்றி நிறையப் பேசினோம். தடுப்பூசி பற்றிய அறிவித்தலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊசி ஏற்ற வராதவர்களில் ஊசிக்குப் பயந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். நான் பார்த்த வரையில், செய்தி பிழையாகப் போனதாலோ பிந்திப் போனதாலோ வராதவர்கள்தான் கூட.

ஏன் பிந்தியது என்று மக்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. மாவட்டத்துக்கு எத்தனை டோஸ் என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டிய மருந்து. நினைத்தபடி கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் அடுக்கி வைக்க ஏலாது. அதைப் பிரித்து, ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கணக்குச் சொல்லி, அங்கே எந்தக் கிராம சேவகர் பிரிவுக்கு முதலில் என்று முடிவெடுக்கும்போது பின்னேரம் ஆகிவிடும். அப்புறம் நாங்கள் எழுதி, கிராம சேவகருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் ஊர்க் குழுவில் போட்டு, கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சொல்லி முடியும்போது இரவு ஒன்பது மணி. விடிந்தால் ஊசி. அந்த அவசரத்தில் தவறுவது திகதிதான், ஏனென்றால் எழுதுகிறவனுக்கு "நாளைக்கு" என்பது தெளிவாகத் தெரியும். அந்த அறிவித்தல் படம் பத்து நாள் கழித்தும் போன் போனாகச் சுற்றும் என்பது அவன் நினைவுக்கு வராது.

இரண்டாம் டோஸ் வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு, வேலை நின்றதும் ஊருக்குத் திரும்பிய ஒரு தம்பி வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்றான். அட்டையை வாங்கிப் பார்த்தால் முதலாவது கொவிஷீல்ட். அன்று எங்களிடம் இருந்தது சினோபார்ம். எங்கள் அறிவித்தலில் "இரண்டாம் டோஸ்" என்று மட்டும்தான் இருந்தது, எந்த ஊசியின் இரண்டாம் டோஸ் என்று இல்லை. சினோபார்முக்கு நான்கு கிழமை இடைவெளி, கொவிஷீல்டுக்கு அப்போது பன்னிரண்டு கிழமை. இந்தியாவிலிருந்து வரவேண்டியது வராமல் போனதால் கொவிஷீல்ட் முதலாம் டோஸ் எடுத்தவர்கள் நாடு முழுவதும் மாதக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. பிறகு ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனெக்கா வந்தது; கொவிஷீல்டும் அதே ஊசிதான். தடுப்பூசி அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், திகதி மூன்றும் அதில் இருக்கும். வெள்ளத்தில் அட்டை போனாலும் படம் இருக்கும்.

பரிசோதனை வேறு கதை. முஸ்லிம் மக்கள் கூடுதலாக வாழும் கிண்ணியாவிலும் மூதூரிலும் மூக்குக்குள் குச்சி விடச் சம்மதிக்காதவர்களை "அறிவில்லாதவர்கள்" என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2020 ஏப்ரலில் இருந்து கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. "பொசிட்டிவ் வந்து மௌத்தானா எரிச்சிப் போடுவாங்க சேர்" என்று ஒரு வாப்பா என் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கு எந்தத் துண்டுப்பிரசுரத்தில் பதில் எழுதுவது? 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கட்டாயமாக எரித்ததற்காக 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. ஆனால் அந்தப் பத்து மாதப் பயம் ஒரு அரச வர்த்தமானி அறிவித்தலோடு போய்விடவில்லை. வீடு வீடாகப் போய், பள்ளிவாசல் நிர்வாகத்தோடு இருந்து பேசித்தான் ஆட்களைக் கூட்டி வந்தோம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் கொண்டுபோன நாட்களில் வாசல் வாசலாகப் போன பழக்கம் அங்கே கைகொடுத்தது.

திருக்கடலூரில் பிரச்சினை நேரம். "காலை 9 முதல் 12 வரை அன்டிஜன் பரிசோதனை" என்று போட்டோம். ஐந்து பேர் வந்தார்கள். கடலுக்குப் போனவர் கரைக்கு வந்து, மீனை விற்று, வலையைக் கழுவிக் காயப் போட்டு, ஒரு வாய் சோறு தின்று படுக்கிற நேரத்தில் யார் வருவார்? அடுத்த தடவை பின்னேரம் மூன்றரைக்கு வாடிப் பக்கமே மேசை போட்டோம். வரிசை நின்றது.

அன்டிஜன் பற்றி இன்னும் ஒன்று. ஒரு ஐயா இரண்டு நாள் தொண்டை நோவோடு வந்தார். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிவு, நெகட்டிவ். அந்தச் சந்தோசத்தில் நேரே சொந்தக்காரர் சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு ஆய்வுகூடத்தில் பார்க்கிற பிசிஆர் பரிசோதனை எடுத்தபோது பொசிட்டிவ். அன்டிஜனில் நெகட்டிவ் வந்தால், அந்த நேரத்தில் மூக்கில் கிருமி அதில் பிடிபடுகிற அளவுக்கு இல்லை என்று மட்டும்தான் பொருள். காய்ச்சல், இருமல் இருந்தால் நெகட்டிவ் முடிவை நம்பி வெளியே போகக் கூடாது. மறுபக்கம் பிசிஆர், சுகமாகிப் பல கிழமைக்குப் பிறகும் பொசிட்டிவ் காட்டலாம். பரவும் காலம் முடிந்த ஒருவரிடம் "நெகட்டிவ் துண்டு கொண்டு வா" என்று வேலைத்தலத்தில் கேட்டபடியால், தனியாரிடம் திரும்பத் திரும்பக் காசு கட்டியவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அரசாங்கம் தனியார் பிசிஆருக்கு 6,500 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. நாட்கூலிக்குப் போகிறவருக்கு அதுவே பெரிய காசு. இந்த ஒரு விளக்கத்தை அறிவித்தலோடு இரண்டு வரியாக நாங்கள் போட்டிருந்தால் அந்தக் காசு அவர்கள் கையில் இருந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் கொவிட் அவசரநிலையை முடித்துவிட்டது. ஆனால் டெங்கு, எலிக்காய்ச்சல், பாடசாலைத் தடுப்பூசி என்று அறிவித்தல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. உங்கள் போனுக்கு ஒன்று வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். பிறகு எந்தப் பிரிவுக்கு, எந்த வயதுக்கு, எந்த ஊசி. திகதி இல்லாததை யாருக்கும் அனுப்ப வேண்டாம், அது எங்கள் கையெழுத்தோடு வந்திருந்தாலும் சரி. சந்தேகம் என்றால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடமோ கிராம சேவகரிடமோ கேளுங்கள். தெரியாத நம்பர் என்று எங்கள் அழைப்பை வெட்டாதீர்கள். பரிசோதனை முடிவைச் சொல்ல ஒரே ஆளுக்கு ஏழு தடவை எடுத்த நாட்கள் உண்டு.

அந்த அம்மாவுக்கு ஒன்பதாம் நாள் ஊசி கிடைத்தது. நானே பேரனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எழுதுகிற எதையும் வெளியே விடுவதற்கு முன் சம்பந்தப்பட்ட ஒருவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். அண்மையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கான, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசி பற்றிப் பெற்றோருக்கு ஒரு அறிவித்தல் எழுதி, ஒரு தாய்க்குப் போனில் வாசித்தேன். திகதி, நேரம், இடம், வகுப்பு எல்லாம் இருந்தது. கேட்டுவிட்டு, "பிள்ளை வெறும் வயித்தோட வரவேணுமா சேர்?" என்றார். இரத்தம் குத்தக் கூட்டிப் போகிற நினைவில் கேட்டிருக்கிறார். வெறும் வயிற்றோடு வந்து ஊசிக்குப் பயந்து மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "காலைச் சாப்பாடு கொடுத்து அனுப்பவும்."