கோக்காவைப் பிடுங்கினால் பணம்: கொலம்பியாவின் மாற்றுப் பயிர்த் திட்டம்

கோகெய்ன் போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படும் கோக்கா செடியைத் தானே வேரோடு பிடுங்க ஒப்புக்கொள்ளும் குடும்பத்துக்கு அரசு பணமும் மாற்றுத் தொழிலும் தரும். இதுதான் 2017 மே மாதம் கொலம்பியா தொடங்கிய ‘பினிஸ்’ (சட்டவிரோதப் பயிர்களுக்கு மாற்றுத் தரும் தேசியத் திட்டத்தின் சுருக்கப் பெயர்) திட்டம். 2016இல் ஃபார்க் என்ற இடதுசாரி ஆயுதக்குழுவின் கெரில்லாக்களோடு செய்த சமாதான ஒப்பந்தத்தின் நான்காம் பகுதியிலிருந்து வந்தது.

2016 ஜூலை 10க்குப் பிறகு நட்ட செடி கணக்கில் வராது. உதவித்தொகைக்காகவே யாரும் புதிதாக நட்டுவிடக் கூடாதே! முதல் ஆண்டு மாதம் 10 லட்சம் பெசோ, அன்றைய மதிப்பில் முந்நூற்றுச் சொச்சம் டாலர். வீட்டுத் தோட்டத்துக்கு 18 லட்சம், சீக்கிரம் வருமானம் தரும் தொழிலுக்கு 90 லட்சம், நீண்டகாலப் பயிருக்கு 1 கோடி. சொந்தச் செடி இல்லாமல் கூலிக்கு இலை பறிப்பவர்களுக்கும் ஊர்ப் பொதுவேலை செய்தால் ஓராண்டு மாதப்பணம் உண்டு.

இவ்வளவு எளிய யோசனைக்கு ஏன் இத்தனை காலம்? கெரில்லாவும் கடத்தல்காரனும் ஒரே ஆள் என்ற கதைதான் முக்கியக் காரணம்; அதனால் கோக்காவை விவசாயியின் பிரச்சினையாகப் பார்க்காமல் போராகவே பார்த்தார்கள். 1984இல் கொலம்பியாவுக்கான அமெரிக்கத் தூதர் லூயிஸ் டாம்ப்ஸ் இதைப் பரப்பினார். பாதி உண்மைதான்: ஃபார்க் கோக்காவுக்கு வரி வசூலித்தது. மீதிப் பாதியை யாரும் பேசவில்லை. 1981இலேயே மெதெயின் நகரப் போதைக் கடத்தல்காரர்கள் கெரில்லாக்களை ஒழிக்கக் கொலைப்படை அமைத்திருந்தார்கள். கெரில்லாக்களை எதிர்த்த துணைராணுவப் படைகளின் தலைவர் கார்லோஸ் கஸ்தான்யோ, தங்கள் வருமானத்தில் சுமார் 70 சதவீதம் போதைப்பொருளிலிருந்து வருவதாக 2000இல் டிவியிலேயே சொன்னார்.

அதே ஆண்டு ‘பிளான் கொலம்பியா’ என்ற போதை ஒழிப்பு உதவித் திட்டத்துக்கு அமெரிக்கா ஒதுக்கிய 130 கோடி டாலரில் பெரும்பகுதி ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போனது. 2002இல், போதை ஒழிப்புக்கென்று கொடுத்த உதவியைக் கெரில்லாக்கள் மீதும் பயன்படுத்த அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதித்தது. விமானத்திலிருந்து தெளித்த கிளைபோசேட் என்ற களைக்கொல்லி கோக்காவோடு பக்கத்து மரவள்ளி, வாழை மீதும் விழுந்தது. 2015இல்தான் அதை நிறுத்தினார்கள்.

2017இல் ஃபார்க் ஆயுதங்களை ஒப்படைத்தது. கோக்கா குறையவில்லை. அந்த ஆண்டு 1,71,000 ஹெக்டேர், ஐ.நா. கணக்குப்படி 2022இல் 2,30,000. சாலையே இல்லாத ஊரில் வாழைத்தாரைச் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவுக்கே விலை கட்டாது. கோக்காவுக்கோ வியாபாரி வீட்டு வாசலுக்கே வருவான். துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சுமார் 99,000 குடும்பங்கள் பினிஸில் சேர்ந்தன. பெரும்பாலோர் சொன்னபடி பிடுங்கியதை ஐ.நா. நேரில் சரிபார்த்தது. தொழிலுக்கான பணம்தான் ஆண்டுக்கணக்கில் தாமதமானது. 2018இல் வந்த அதிபர் இவான் டூக்கேயின் அரசு புதுக் குடும்பங்களைச் சேர்க்கவில்லை. சிறு விவசாயிகள்மேல் வழக்கு வராமல் காக்க ஒப்பந்தம் உறுதியளித்த சட்டமும் அவர் ஆட்சி முடியும்வரை நிறைவேறவில்லை.