ஃபைபர் அழுகாது என்று யார் சொன்னது?

இந்த ஆண்டில் உள்ளே அழுகிப்போய் என்னிடம் வந்த நான்காவது படகு இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் ஓய்வூதியப் பணத்திலிருந்து 2,60,000 ரேண்ட் எடுத்து வாங்கிய 6 மீட்டர் ஸ்கீ-படகை, அதாவது மோட்டார் பொருத்திய சிறு மீன்பிடிப் படகை, சென்ற மாதம் டர்பனில் உள்ள என் பட்டறைக்கு இழுத்துவந்தார். வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "அலையைத் தாண்டும்போது பின்பக்கம் கனமாக இழுக்கிறது தம்பி, எஞ்சினைப் பார்த்துச் சொல்" என்றார். எஞ்சின்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. அவற்றைத் தாங்கும் பின்பலகை, அதாவது படகுக்காரர்கள் டிரான்சம் என்று சொல்லும் பகுதிதான், வெளியே பார்வைக்கு இருந்ததே தவிர உள்ளே இல்லை.

மீன் இருக்குமிடம் காட்டும் ஃபிஷ்ஃபைண்டரின் உணரியைப் பின்பலகையோடு பிடித்திருந்த திருகுகளில் ஒன்றைக் கழற்ற எண்ணித் திருப்புளியை எடுத்தேன். அதற்கு வேலையே வரவில்லை. திருகு விரலோடு வந்துவிட்டது. அதன் மரையில் ஈரமான காப்பித்தூளைப் போல ஏதோ ஒட்டியிருந்தது, முகர்ந்தால் மழைக்காலத்து விறகுக் கொட்டகையின் வாடை அடித்தது. துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அடியில் ஒரு பால்மாவு டப்பாவை வைத்தேன். நாங்கள் படகைச் சுற்றிவந்து முடிப்பதற்குள் அது அரையளவு நிறைந்திருந்தது. அந்த டப்பாவைப் பார்த்த பிறகும் அவர் கேட்டார்: "ஃபைபர்தானே தம்பி, ஃபைபர் எப்படி அழுகும்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடி இழை அழுகாது, அதை இறுக்கும் பசையான ரெசினும் அழுகாது, அதுவரை எல்லாரும் சொல்வது சரி. ஆனால் நீங்கள் வாங்குவது வெறும் கண்ணாடி இழையால் ஆன படகு அன்று. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள இழைத்தகடு தன்னளவில் வளைந்துகொடுக்கும். அதற்கு விறைப்பைத் தருபவை அடிமுதுகான ஏராவுக்கு இணையாக, அணியம் என்னும் முன்முனையிலிருந்து அமரம் என்னும் பின்முனை வரை ஓடும் ஸ்டிரிங்கர் என்னும் நெடுக்குச் சட்டங்களும், குறுக்குத் தடுப்புகளும், மேல்தளமும், பின்பலகையும்தாம். சந்தைக்கு வரும் பழைய சிறு படகுகளில் பெரும்பாலானவற்றிலும், இன்று புதிதாகக் கட்டப்படும் பலவற்றிலும், இவற்றின் உள்ளே இருப்பது பிளைவுட் அல்லது சாதாரணப் பைன் மரம். அதன்மேல் இழையையும் ரெசினையும் போர்த்திவிட்டு "முழு ஃபைபர் படகு" என்று விற்கிறார்கள். மரக்கட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டு அது இனி மரமே இல்லை என்று சொல்வதைப் போன்றது இது. அந்த உறையில் நீங்களும் உங்களுக்கு முந்தைய சொந்தக்காரர்களும் எத்தனை துளைகள் போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்: எஞ்சின் போல்ட்டுகள், உணரித் திருகுகள், தண்ணீர் வடியும் அடைப்பான், தூண்டில் தாங்கிகள், ஏணி. ஒவ்வொன்றும் ஒரு வாசல். துளையை அடைக்கும் சீலண்ட் சில ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும், அதன் பிறகு வாசல் திறந்தேதான் கிடக்கும்.

மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நிலைத்துவிட்டால் பூஞ்சைக்குக் கதவு திறந்தாயிற்று. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அதே உறை தடுத்துவிடுவதால், திறந்த மரத்தைவிட உறைக்குள் இருக்கும் மரத்துக்கே கேடு அதிகம்.

இதில் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒன்று உண்டு. மரத்தை அழுகச் செய்வதில் கடல்நீரைவிட மழைநீர் கொடியது. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும். நன்னீர் அதை வளர்க்கும். டர்பனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி வெக்கை மிகுந்த அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில். ஆகவே "படகு ஓடவே இல்லை சார், நான்கு வருடமாக வீட்டில்தான் நிற்கிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும்போது நீங்கள் மகிழக் கூடாது. காற்றுப் போகாத தார்ப்பாயின் அடியில், அணியம் தாழ்ந்து வடிகால் அடைபட்ட நிலையில், நான்கு மழைக்காலத்தைக் கண்ட படகைவிட, வாரந்தோறும் கடலுக்குப் போய்வந்து கழுவி உலர்த்தப்பட்ட படகையே நான் தேர்ந்தெடுப்பேன். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது எஞ்சினைப் பற்றிய செய்தி. அடிக்கூட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு கொடுமையும் இருக்கிறது. நம் கட்டுமரத்தின் பெயரைச் சுமக்கும் கேட்டமரான் என்னும் இரட்டை அடிக்கூட்டுப் படகுகளானாலும் ஒற்றை அடிக்கூட்டுப் படகுகளானாலும், இங்குள்ள ஸ்கீ-படகுகளில் பல துறைமுகத்திலிருந்து புறப்படுவதில்லை; மணற்கரையிலிருந்து அலையைப் பிளந்து போகின்றன. திரும்பும்போது அலையின் முதுகில் ஏறிவந்து, வேகம் குறையாமல் மணலில் பாய்ந்து ஏறி நிற்கின்றன. கரையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் அடிக்கூட்டின் பார்வையில் அது ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விபத்து. அந்த அதிர்ச்சி முழுவதையும் ஸ்டிரிங்கர்களும், அவற்றை அடிக்கூட்டோடு ஒட்டும் இழைப்பட்டைகளும், எஞ்சினின் எடை தொங்கும் பின்பலகையும் வாங்கிக்கொள்கின்றன. இழைப்பட்டை ஒருமுறை விட்டுவிட்டால் ஸ்டிரிங்கர் ஒரு பக்கமும் அடிக்கூடு ஒரு பக்கமுமாக வேலை செய்யத் தொடங்கும். இரட்டை அடிக்கூட்டுப் படகுகளில், இரண்டு அடிக்கூடுகளுக்கும் இடையே உள்ள நடுச் சுரங்கத்தின் கூரை பக்கச்சுவரோடு சேரும் மூலையில் நீளவாக்கில் விழும் விரிசல்களை முதலில் தேடுங்கள்.

விரிசல் என்றதும் எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல் பிரியும் விரிசல், ஏதோ ஒன்று அங்கே மோதியதைக் காட்டும். பல நேரங்களில் அது ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சோடு நின்றுவிடும். ஒரு தடுப்பின் ஓரத்திலோ ஸ்டிரிங்கரின் நேர்மேலோ இணைகோடுகளாக ஓடும் விரிசல்கள் வேறு வகை. அந்த இடத்தில் அடிக்கூடு மடங்கி மடங்கி நிமிர்கிறது என்பதற்கான சான்று அவை. வெளிப்பூச்சின் அடியில் தண்ணீர் புகுந்து எழும் ஆஸ்மாசிஸ் கொப்புளங்களைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மாதக்கணக்கில் தண்ணீரிலேயே மிதக்கும் படகுகளின் நோய் அது. டிரெய்லரில் வாழும் உங்கள் படகுக்கு அது அரிது, வேறு கவலைகள் இருக்கின்றன.

நான் இந்தத் தொழிலைக் கற்றது நாகப்பட்டினத்தில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மாதங்களில். அன்று நன்கொடைப் பணத்தில் அவசர அவசரமாக வார்க்கப்பட்ட ஃபைபர் படகுகளில் பல தரம் குறைந்தவையாக இருந்தன. மேட் என்னும் இழைவிரிப்பை விரித்து முடிப்பதற்குள் அடுத்த படகுக்கு அச்சு கேட்பார்கள். எனவே கட்டுமானத் தரத்தைப் பார்க்க நான் முதலில் போகுமிடம் பளபளக்கும் வெளிப்பக்கம் அன்று, யாரும் எட்டிப் பார்க்காத நங்கூர அறையும் எரிபொருள் தொட்டியின் பின்புறமும்தான். அங்கே ரெசின் நனைக்காத வெள்ளை இழைகள் தெரிகின்றனவா? ஓரிடத்தில் ரெசின் குளமாகத் தேங்கி இன்னோரிடம் வறண்டு கிடக்கிறதா? இழைப்பட்டையின் ஓரத்தில் நகத்தை நுழைத்தால் தூக்குகிறதா? தூக்கினால், முன்பே இறுகிப்போன பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் இடத்தை யாரும் அழகாக வார்த்துவிடுவார்கள். பத்தாண்டுப் பழைய படகின் பில்ஜுக்குள், அதாவது தளத்தின் அடியிலுள்ள குழிவுக்குள் மட்டும் புத்தம்புது வெள்ளை ஃப்ளோகோட் பூச்சு அடித்திருந்தால், எதை மறைக்க அது என்று நேராகக் கேளுங்கள்.

"சர்டிஃபிகேட் இருக்கிறதே" என்பது அடுத்த பாட்டு. 2007ஆம் ஆண்டுச் சிறுபடகுப் பாதுகாப்பு விதிகளின்படி வழங்கப்படும் தகுதிச் சான்றிதழ் கட்டாயமானது, தேவையானது, அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஆய்வில் உயிர்காப்பு ஜாக்கெட், ஆபத்தில் சைகை காட்டும் ஃப்ளேர், தீயணைப்பான், ரேடியோ ஆகியவற்றைப் பார்ப்பார்கள், அடிக்கூட்டைக் கண்ணால் சுற்றிப் பார்ப்பார்கள். உங்கள் பின்பலகையின் திருகைக் கழற்றி முகர்ந்து பார்ப்பது அவர்களுடைய வேலை அன்று. மிதப்புச் சான்றிதழும் அப்படித்தான். தளத்தின் அடியில் நிரப்பிய ஃபோம் உலர்ந்திருக்கும்போது என்ன செய்யும் என்பதைத்தான் அது சொல்கிறது. வழக்கமான பாலியூரித்தேன் ஃபோம் ஒரு கன மீட்டர் சுமார் 32 கிலோதான் இருக்கும். அது பல ஆண்டுகள் தண்ணீரில் ஊறினால் தான் குடித்த ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ மிதப்பை உங்களிடமிருந்து திருடிக்கொள்கிறது. படகு கவிழும் நாளில்தான் அந்தக் கணக்கு தெரியவரும்.

நல்லவேளையாக இதைக் கண்டுபிடிக்க படகைச் சோதித்துப் பார்க்கும் என்னைப் போன்ற சர்வேயர்கூட முதலில் தேவையில்லை. படகை ஓர் எடைமேடைக்கு இழுத்துச் செல்லுங்கள். டிரெய்லரின் வெற்று எடை அதன் லைசென்ஸ் வில்லையிலேயே அச்சாகியிருக்கும். அடிக்கூட்டின் எடையையும் எஞ்சின்களின் எடையையும் அவற்றைத் தயாரித்தவர்களிடமிருந்து பெறலாம். பெட்ரோலுக்கு லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் படகு இந்தக் கணக்குப்படி 1,750 கிலோ இருக்க வேண்டும். எடைமேடை காட்டியது 2,140. தூண்டில்களுக்கும் நங்கூரத்துக்கும் தாராளமாக 60 கிலோ விட்டுக்கொடுத்தாலும், 330 கிலோ தண்ணீரை அவர் ஒவ்வொரு முறையும் கடலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். பின்பக்கம் கனமாக இழுத்ததில் வியப்பில்லை.

அடுத்தது சுத்தியல். பிளாஸ்டிக் தலையுள்ள சிறிய சுத்தியல் போதும், இல்லாவிட்டால் ஒரு 5 ரேண்ட் நாணயம். நல்ல இடத்தில் "டக்" என்று கூர்மையாக ஒலிக்கும், அழுகிய இடத்தில் "தொப்" என்று அடங்கும். பின்பலகையை விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே போங்கள், ஓசை மாறும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். குறிகள் போல்ட்டுகளைச் சுற்றியும் வடிகால் துளையைச் சுற்றியும் வட்டமிட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பிறகு எஞ்சினை முழுவதும் மேலே தூக்கி, அதன் சுழலியிருக்கும் கீழ்ப்பகுதியின்மேல் உங்கள் எடையைச் சாய்த்து அழுத்துங்கள்; பக்கத்தில் ஒருவர் பின்பலகையும் தளமும் சேரும் மூலையை உற்றுப் பார்க்கட்டும். அந்த மூலை வாயைத் திறந்து மூடினால் விலை பேச வேண்டாம், வீட்டுக்குப் போங்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகக் கட்டிய பழைய பின்பலகையில் அதைவிடக் கனமான நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டியிருக்கும் படகுகளில் இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள்.

இணையத்தில் 400 ரேண்டுக்குக் கிடைக்கும் ஈரமானியை வாங்கிக்கொண்டு வந்து, "37 விழுக்காடு காட்டுகிறது, மோசமா?" என்று கேட்கிறார்கள். அந்த எண் மரத்துக்காக அளவிடப்பட்டது. ஃபைபரின் மேல் வைத்தால் அதற்கு விழுக்காடு என்ற பொருளே கிடையாது. உலோகம், உப்பு, சிலவகைக் கறுப்புப் பூச்சு, காலைப் பனி என எல்லாமே அதை ஏமாற்றும். நானும் ஈரமானி வைத்திருக்கிறேன், ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க மட்டும்.

திருகைக் கழற்றிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள், கேட்காமல் பிறர் படகில் கைவைக்காதீர்கள். மறுத்தால் அந்த மறுப்பே ஒரு தகவல். ஏனென்றால் கையெழுத்திட்ட பிறகு சட்டம் உங்களுக்காக ஓடிவராது. தனியாரிடம் வாங்கும் படகின் ஒப்பந்தத்தில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்ற ஒரு சொல் இருக்கும். உள்ளது உள்ளபடியே ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். குறை தமக்குத் தெரிந்தும் விற்பவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நீங்கள் மெய்ப்பித்தாலன்றி, கண்ணுக்குத் தெரியாத மறைகுறைக்கு அவர் பொறுப்பில்லை. பின்பலகைக்குள் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும் என்று எப்படி மெய்ப்பிப்பீர்கள்? 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் ஆறு மாதப் பாதுகாப்பு, வணிகமாகவே படகு விற்பவர்களிடம் வாங்கினால்தான் பேச்சுக்கு வரும். தம் சொந்தப் படகை ஒருமுறை விற்கும் அண்ணாச்சிக்கு அது பொருந்தாது. நம்மவர், கோயிலில் பார்த்துப் பழகியவர் என்பதற்காகத் தட்டிப் பார்க்கக் கூச்சப்படுகிறவர்களை நான் அதிகம் பார்க்கிறேன். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம் அல்லவா?

ஆசிரியருக்கு விற்றவரும் தமக்குத் தெரியாது என்றே சொல்கிறார், நான் அதை நம்பவும் செய்கிறேன். படகு இப்போது என் பட்டறையில் பின்பக்கம் திறந்த நிலையில் நிற்கிறது. பழைய பிளைவுட்டை உளியால் பெயர்க்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை, கரண்டியால் வாரி எடுத்தோம். ஸ்டிரிங்கர்களில் அழுகல் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பது வரும் வாரம் தளத்தை அறுத்த பிறகுதான் தெரியும். ஆண்டுதோறும் கூட்டமாக இந்தக் கரையோரம் வரும் சார்டின் மீன் வந்துசேர்வதற்குள் முடிந்துவிடுமா என்று ஆசிரியர் நேற்றும் தொலைபேசியில் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.