கெபாசிட்டி பில்டிங்: தமிழ்ல இதுக்கு என்ன சொல்றது?

காலநிலை மாற்றம் பத்தி ஊர்ப்பக்கம் எந்தக் கூட்டம் நடந்தாலும் பின்னாடி தொங்குற பேனர்ல இந்த வார்த்தை ஏதோ ஒரு ரூபத்துல இருக்கும். ஒரு வேலையைத் தாங்களே செய்யுற அளவுக்கு ஆளுங்களையும் அமைப்புகளையும் தயார் பண்றதுக்குத்தான் கெபாசிட்டி பில்டிங்னு பேர். "உள்ளூர் சமூகத்தினருக்கான காலநிலைச் செயல்பாட்டுத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி முகாம்"னு ஒரே மூச்சுல படிக்க முடியாத மாதிரி எழுதியிருப்பாங்க. படிச்சுட்டு உள்ள வர்றவங்களுக்கு என்ன புரியும்னு யாரும் கேக்குறதில்ல, ஏன்னா பேனர் வந்தவங்களுக்கு இல்ல, ரிப்போர்ட்ல ஒட்டுற போட்டோவுக்கு.

சரி, சொல்லுக்கு வருவோம். கெபாசிட்டிங்கிறது லத்தீன்ல இருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. வேர்ச்சொல் 'காப்பேரே', அதுக்கு பிடி, எடு, கொள்னு அர்த்தம். கேப்சர், கேப்டிவ், கேபபிள் எல்லாம் இதோட பங்காளிங்கதான். நிறைய கொள்ளக்கூடியதுதான் லத்தீன்ல 'காப்பாக்ஸ்', அந்தத் தன்மை கெபாசிட்டி. மொட்டை மாடி டேங்க் கெபாசிட்டி 1000 லிட்டர், பஸ்ல சீட்டிங் கெபாசிட்டி 52னு நாம சொல்றோம் பாருங்க, அதுதான் அசல் பொருள், தமிழ்ல கொள்ளளவு. மனுஷனோட திறமைக்கு இதைச் சொன்னது அப்புறம் வந்த நீட்சி.

இதோட பில்டிங் சேர்ந்த கதை வேற. 1950, 60கள்ல வளர்ச்சித் திட்டக்காரங்க இன்ஸ்டிடியூஷன் பில்டிங்னு பேசிட்டு இருந்தாங்க, அதாவது புதுசா விடுதலையான நாடுகள்ல நிர்வாக அமைப்புகளை உண்டாக்குறது. அது மெல்ல மெல்ல மாறி, 1992ல ரியோ டி ஜெனிரோவுல நடந்த பூமி உச்சி மாநாட்டுல 'அஜெண்டா 21'னு ஒரு ஆவணம் வந்துச்சு இல்லையா, அதோட 37ஆம் அத்தியாயத்துக்குத் தலைப்பே வளரும் நாடுகள்ல கெபாசிட்டி பில்டிங் பத்தினதுதான். அதே வருஷம் வந்த ஐநா காலநிலை ஒப்பந்தத்தோட 6ஆம் பிரிவு கல்வி, பயிற்சி, பொதுமக்கள் விழிப்புணர்வு பத்தி பேசுது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்துல இதுக்குன்னு தனியா 11ஆம் பிரிவே இருக்கு. அந்தப் பிரிவுல ஒரு வாசகம் ரொம்ப முக்கியம்: இது திரும்பத் திரும்ப நடக்கணும், பங்கேற்போட நடக்கணும், ஏற்கெனவே கத்துக்கிட்ட பாடங்களை வெச்சு நடக்கணும்னு சொல்லுது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

இப்ப தமிழ். தமிழ்நாட்டுல 'திறன் மேம்பாடு', 'திறன் வளர்ப்பு'ன்னு ரெண்டும் ஓடுது. இதுல சிக்கல் என்னன்னா ஸ்கில் டெவலப்மெண்டுக்கும் அதேதான், அரசாங்கத்தோட திறன் மேம்பாட்டுக் கழகம் வெல்டிங், தையல், கம்ப்யூட்டர் வேலைக்குத் தயார் பண்ற அமைப்பு. எஃபிஷியன்சிக்கும் திறன், ஸ்மார்ட்போனுக்கும் திறன்பேசி, ஆக பாவம் அந்த ஒரு சொல்லு மேல எல்லா பாரத்தையும் ஏத்தி வெச்சிருக்கோம். இலங்கைத் தமிழ்ல 'இயலளவு விருத்தி', 'இயலளவைக் கட்டியெழுப்புதல்'னு எழுதுவாங்க. நம்ம ஆளுங்களுக்கு முதல்ல கேக்க விநோதமா இருக்கும், ஆனா யோசிச்சா அது கெட்டிக்காரத்தனமான சொல். இயல்றது எவ்வளவோ அவ்வளவு. கொள்றதைப் பத்தி இல்ல, செய்ய முடியுறதைப் பத்தி. ஆவணத்துல, சட்ட மொழிபெயர்ப்புல எழுதணும்னா என் ஓட்டு இயலளவுக்குத்தான்.

திறனுக்கும் ஒரு பழைய பொருள் இருக்கு, இப்ப யாரும் அப்படிப் பாக்குறதில்ல. 644ஆம் குறள் "திறனறிந்து சொல்லுக சொல்லை"ன்னு தொடங்குது. அங்க திறன்னா பேசுறவனோட திறமை இல்ல, கேக்குறவங்களோட தன்மைன்னுதான் உரைகாரங்க பல பேர் பொருள் சொல்றாங்க. அதாவது எதிர்ல உக்காந்திருக்குறவனுக்கு என்ன தெரியும், அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வாயைத் திற. கூட்டத்துல பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடு) போடுறவங்க அத்தனை பேரும் இதை ஒரு தடவை படிச்சா நல்லாருக்கும். ஏன்னா கெபாசிட்டிங்கிற சொல்லுக்குள்ள ஒரு காலிக் குடம் ஒளிஞ்சிருக்கு. ஊர்க்காரன் காலிக் குடம், நாங்க வந்து ரொப்புறோம்ங்கிற நினைப்பு. அலையாத்திக் காட்டு ஓரமா நாப்பது வருஷமா நண்டு பிடிக்குற ஒரு அக்காவுக்கு சதுப்புநிலம்னா என்னன்னு ஸ்லைடு போட்டு விளக்குற கொடுமை எல்லாம் அதுல இருந்து வர்றதுதான்.

அடுத்தது அந்த பேனர்ல 'சமூகத்தினர்'னு வந்துச்சே, அந்தக் கம்யூனிட்டி. தமிழ்நாட்டுல இந்தச் சொல்லை கிராமத்துல போய் சொன்னா ஜாதின்னுதான் அர்த்தம், தாலுகா ஆபீஸ்ல வாங்குற கம்யூனிட்டி சர்டிபிகேட் ஞாபகத்துக்கு வரும். 'சமூகம்'னு மாத்தினாலும் பல ஊர்ல அதே கதிதான், "எந்த சமூகத்துக்குப் பயிற்சி?"ன்னு கேப்பாங்க, கேள்வி நியாயம்தான். ஊர்க்காரங்க, ஊர் மக்கள்னு சொன்னா முடிஞ்சு போச்சு. தெருவுக்குன்னா தெருக்காரங்க. இதுக்கு அகராதி எல்லாம் தேவையே இல்ல.

ட்ரெயினிங் கதை இன்னும் சுவாரசியம். அதுக்கு லத்தீன் வேர் 'டிராஹேரே', இழுத்தல். டிராக்டரும் அதே குடும்பம். ரயிலுக்கு அந்தப் பேர் வந்ததும் பின்னாடி பெட்டிகளை இழுத்துட்டுப் போறதாலதான். மனுஷனுக்குச் சொல்லித்தர்ற பொருள் செடி கொடி வழியா வந்திருக்கணும்னு சொல்றாங்க, கொடியை நாம நினைக்குற பக்கம் இழுத்துக் கட்டி வளக்குறது. தமிழ்ல பயிற்சி அப்படி இல்ல. 'பயில்'ங்கிற வினைக்கு பழகு, அடிக்கடி நிகழ், நெருங்கி அடர்ந்திருன்னு எல்லாம் பொருள் இருக்கு. ஒரே காரியத்தை அடுத்தடுத்து செஞ்சு செஞ்சு அடர்த்தியாக்குறது பயில்றது. பாரிஸ் ஒப்பந்தத்துல திரும்பத் திரும்பன்னு மெனக்கெட்டு ஒரு அடைமொழி போட்டாங்களே, அது நம்ம சொல்லுக்குள்ளயே இருக்கு! (பயில்வான் இதுல இருந்து வரல, அது பாரசீக பஹ்லவான். நிறைய பேர் சேர்த்துச் சொல்றதால சொல்லி வைக்கிறேன்.)

அப்ப ஒரே ஒரு நாள் மண்டபத்துல உக்கார வெச்சு சர்டிபிகேட் கொடுத்து அனுப்புறதுக்கு பயிற்சின்னு பேர் வைக்கலாமான்னா, வைக்கக் கூடாதுன்னுதான் சொல்வேன். அதுக்கு அறிமுகக் கூட்டம்னு பேர். 'பயிற்சிப் பட்டறை'ங்கிறதும் அப்படித்தான், பட்டறைன்னா இரும்பு காயணும், சம்மட்டி விழணும்.

நிஜமாவே பயில்றது எப்படி இருக்கும்னா மகாராஷ்டிராவைப் பாருங்க. ஆமிர் கானும் கிரண் ராவும் தொடங்கின பானி பவுண்டேஷன் 2016ல வறட்சி ஊர்களுக்கு இடையில ஒரு தண்ணிப் போட்டி வெச்சாங்க, முதல் வருஷம் 3 தாலுகா மட்டும், கோரேகாவ் தாலுகாவுல இருக்குற வேலு கிராமம் ஜெயிச்சுது. போட்டிக்கு முன்னாடி ஊர் ஊரா ஆண்களும் பெண்களுமா சில பேரை வரவழைச்சு சொல்லித்தந்தாங்க, அதுல முக்கியமான ஒரு பாடம் சரிவுல சம உயரக் கோடு போடுறது. கருவி என்னன்னா நம்ம கொத்தனார் வெச்சிருக்குற டியூப் லெவல் மாதிரிதான்: அளவு போட்ட ரெண்டு குச்சி, நடுவுல தண்ணி ரொப்பின கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய். ஒருத்தர் ஒரு குச்சியோட நிக்க, இன்னொருத்தர் சரிவுல மேலயும் கீழயும் நகர்ந்து பாக்கணும், ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே அளவுல வந்து நின்னா ரெண்டு இடமும் ஒரே உயரம், அங்க சுண்ணாம்பால ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தா கோடு, கோட்டுல வாய்க்கா வெட்டினா மழைத்தண்ணி ஓடாம நின்னு மண்ணுக்குள்ள இறங்கும். கோடு கொஞ்சம் சாஞ்சாலும் தண்ணி எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி கரையை உடைச்சுட்டுப் போயிரும். இதை ஸ்லைடுல பாத்து யாரும் கத்துக்க முடியாது, குழாய்க்குள்ள காத்துக்குமிழி மாட்டிக்கிட்டு அளவு தப்பா காட்டுறதை கண்ணால பாத்து திட்டி சரி பண்ணினாத்தான் வரும்.

வங்காளதேசத்துல இது ஐம்பது வருஷக் கதை. 1970 நவம்பர்ல போலா புயல் 3 லட்சம் பேருக்குக் குறையாம காவு வாங்கினதுக்கு அப்புறம் கடலோர ஊர் ஆளுங்களையே தொண்டர்களாக்கி ஒரு புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கினாங்க, 1973ல அரசாங்கம் அதை ஏத்துக்கிச்சு. இன்னைக்கு 76,000 பேர் வாக்குல இருக்காங்க, பாதிக்குப் பாதி பெண்கள். எச்சரிக்கை கூடக்கூட கொடிக்கம்பத்துல கொடி ஒண்ணு ரெண்டாகி மூணாகும், மெகாபோன்ல கத்தணும், கையால சுத்துற சைரன் அடிக்கணும், படுக்கையில கிடக்குற பாட்டியை முகாமுக்குத் தூக்கிட்டுப் போகணும். 2007ல சிடர் புயல் வந்தப்ப உயிரிழப்பு 3,400 வாக்குல. கான்கிரீட் முகாம்கள், வானிலை அறிவிப்பு எல்லாத்துக்கும் அதுல பங்கு உண்டு, ஆனா அறிவிப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது இந்த ஊர்க்காரங்கதான்.

நம்ம பக்கத்துல புதுச்சேரி. 1998ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க கிராம அறிவு மையங்கள் தொடங்கி ஊர் ஆளுங்களுக்கே கம்ப்யூட்டர் பழக்கிவிட்டாங்க. வீராம்பட்டினத்துல அலை உயரம் எவ்வளவுன்னு தெனமும் எடுத்து ஒலிபெருக்கில சொல்றது அவங்க வேலையா இருந்துச்சு. 2004 சுனாமி அன்னைக்கு நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூர்ல இருந்து ஒரு எச்சரிக்கை போன் வந்ததும், அந்த ஊர்ல இருந்த அதே மாதிரி மையத்தோட ஒலிபெருக்கி வழியாத்தான் ஊரையே காலி பண்ண வெச்சாங்க. சுனாமி காலநிலை சமாச்சாரம் இல்லதான், ஆனா தினசரி பழகின மைக் அன்னைக்குக் கைகொடுத்துச்சு.

ஆக எதுக்கு எது? அரசாணை, ஒப்பந்தம், அறிக்கைன்னா இயலளவு வளர்ப்பு. ஒரு குறிப்பிட்ட வேலையைத் திரும்பத் திரும்ப செய்ய வெச்சா பயிற்சி. வாய்ப்பேச்சுல 'பழக்கிவிடுறது' போதும், சித்திரமும் கைப்பழக்கம்னு சொல்ற மொழிதானே இது. பேனர் அடிக்கணும்னா என்ன பழகப் போறாங்களோ அதையே எழுதிருங்க: "மழைத்தண்ணி நிக்க வாய்க்கா வெட்டப் பழகுவோம், கீழத்தெரு, ஞாயிறு காலை 7 மணி, மம்பட்டி கொண்டு வரவும்." ஃபண்ட் கொடுக்குறவங்களுக்கு வேணும்னா மூலையில சின்ன எழுத்துல கெபாசிட்டி பில்டிங்னு போட்டுக்கலாம்.