சுழலச் செய்த உருண்டையைச் சுழலாமல் பிடிப்பது

டிரெய்லர் இழுக்கும் கார்களின் பின்பம்பருக்குக் கீழே டோபார் என்ற இழுவைக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய வகை டோபாராக இருந்தால் அதன் நுனியில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். விட்டம் 50 மில்லிமீட்டர், கைக்குள் அடங்கிவிடும். அது உருண்டையாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். கார் வளைந்தாலும் மேட்டில் ஏறினாலும், பின்னால் வரும் டிரெய்லர் எந்தப் பக்கமும் தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

அதே உருண்டையில், காருக்குப் பின்னால் சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் ரேக்கை மாட்டும்போது நாம் கேட்பது இதற்கு நேரெதிர். ரேக் துளிகூடத் திரும்பக் கூடாது: கீழே சாயக் கூடாது, பக்கவாட்டில் சரியக் கூடாது, வண்டி வளையும்போது ஆடக் கூடாது. எந்த ரேக் வாங்குவது, எப்படி மாட்டுவது என்று வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முரண்பாட்டில்தான் போய் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரேக் 18 கிலோ. அதன்மேல் 25 கிலோ எடையுள்ள மின்சார சைக்கிள்கள் இரண்டு. ஆக மொத்தம் 68 கிலோ. டிக்கிக் கதவில் இடிக்கக் கூடாது என்பதால் சைக்கிள்கள் உருண்டைக்கு நேர் மேலே நிற்காமல் பின்னால் தள்ளித்தான் நிற்கும். மொத்த எடையின் ஈர்ப்பு மையம் உருண்டையிலிருந்து 35 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையின் விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் சுமார் 233 நியூட்டன் மீட்டர் வரும். பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்கேதான். இப்போது இது முழுவதையும் உருண்டையின் மேற்பரப்பில் உள்ள உராய்வு மட்டுமே தாங்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? உருண்டையின் ஆரம் வெறும் 25 மில்லிமீட்டர். 233-ஐ 0.025-ஆல் வகுத்தால் 9,300 நியூட்டன் சொச்சம், அதாவது ஏறக்குறைய 950 கிலோவின் எடை. 68 கிலோவைச் சாயாமல் பிடிக்க ஒரு டன்னை நெருங்கும் உராய்வு! சக்கரம் குழியில் விழுந்து எழும் நொடியில் இது இரண்டு மடங்காகவும் ஆகலாம்.

ரேக்கை உருண்டையில் இறுக்குவது கையால் அழுத்தி மூடும் ஒரு நெம்புகோல்தான். அதற்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வருகிறது? சைக்கிள் சக்கரத்தைக் கழற்ற உதவும் சின்ன நெம்பை மூடிப் பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரியும். ஆரம்பத்தில் லேசாகப் போகும், கடைசியில் திடீரென்று இறுகும், உச்சத்தைத் தாண்டியதும் கையை எடுத்தாலும் அப்படியே நிற்கும். உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் ரேக்கின் கிளாம்பும் அந்த ஜாதிதான். சுவரில் முதுகைச் சாய்த்து, எதிரே இருக்கும் மேசையைக் காலால் தள்ளிப் பாருங்கள். முழங்கால் நன்றாக மடங்கியிருக்கும்போது பலம் தெரியாது. கால் நேராகிற கடைசி இரண்டு விரற்கடை தூரத்தில்தான் மேசை நகரும். அந்தக் கட்டத்தில் முழங்கால் நிறைய நகர்ந்தாலும் பாதம் கொஞ்சம்தான் நகர்கிறது. தூரத்தில் விட்டதை விசையில் பிடிக்கிறோம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. கடைசிக் கட்டத்தில் கிளாம்பின் தாடை மயிரிழை அளவே நகர்வதால், உருண்டையின் அளவில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பிடி மாறிவிடும். தேய்ந்துபோன உருண்டையில் நெம்புகோல் சுகமாக மூடும், ஆனால் ஒன்றையும் பிடிக்காது. அதனால்தான் கிளாம்பில் ஒரு சரிசெய்யும் திருகு வைத்திருக்கிறார்கள். ஒரு விரலால் மூட முடிந்தால் பிடி போதாது. ஏறி நின்று மிதித்தால்தான் மூடுகிறது என்றால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள். நடுவில் எங்கே நிறுத்துவது என்பது ரேக்கின் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம்.

நானும் தாண்டிப் போனவன்தான். முதல்முறை மாட்டியபோது நெம்புகோல் எதிர்பார்த்ததைவிட மென்மையாக மூடியது. நல்ல ரேக் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், நேராக இருந்த ரேக் வலப்பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. கழற்றி உருண்டையைத் துணியால் துடைத்தேன், துணி கறுப்பாக வந்தது. டிரெய்லர் இழுத்த நாளில் பூசிய கிரீஸ். பொதுவாக டிரெய்லருக்குக் கிரீஸ் நல்லது, உருண்டை தேயாது. ரேக்குக்கு அதுவே எமன். உலர்ந்த இரும்போடு ஒப்பிட்டால் கிரீஸ் பூசிய இரும்பின் உராய்வு மிகச் சொற்பம். அப்புறம் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை வராமல் போகும் வரை தேய்த்துவிட்டுத்தான் மாட்டுகிறேன். பெயிண்ட் உரிந்து துரு படிந்த உருண்டைக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

உருண்டை எதனால் செய்தது என்பதும் முக்கியம். பல ரேக்குகளின் கையேடு அலுமினிய உருண்டையில் மாட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. அலுமினியம் மெத்து, அவ்வளவு அழுத்தத்தில் தாடை பதிந்து குழி விழும், குழி விழுந்தால் பிடி தளரும்.

சில ரேக்குகள் உருண்டையின் உராய்வை மட்டும் நம்பாமல், அதன் கழுத்திலும் ஒரு முட்டுக் கொடுக்கின்றன. என் ஓட்டு இவற்றுக்குத்தான். வட அமெரிக்காவில் வழக்கமே வேறு. அங்கே காருக்கு அடியில் 2 அங்குலச் சதுரக் குழாய் ஒன்று இருக்கும், ரேக்கின் தண்டு அதற்குள் நுழையும். தண்டு 15 சென்டிமீட்டர் உள்ளே இருந்தால், அதே 233 நியூட்டன் மீட்டரைத் தாங்க இரண்டு முனையிலும் சுமார் 1,550 நியூட்டன் போதும். அதுவும் உராய்வு இல்லை, இரும்பில் இரும்பு முட்டி நிற்கிறது. வடிவம் மாறியதும் கணக்கு எவ்வளவு இளகிவிட்டது பாருங்கள். அங்கே உள்ள தொல்லை குழாய்க்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான். அது கடகடவென்று ஆடாமலிருக்கத் தனியாக ஓர் இறுக்கும் போல்ட் வைக்கிறார்கள்.

சரி, எவ்வளவு ஏற்றலாம்? டோபாரில் உள்ள சின்னத் தகட்டில் 'எஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உருண்டை தாங்கும் செங்குத்துப் பாரம் கிலோவில் இருக்கும். குடும்பக் கார்களில் 50 முதல் 100 வரை பார்க்கலாம், 75 சர்வசாதாரணம். ரேக்கின் சொந்த எடையும் இதில் அடக்கம் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். நான்கு சைக்கிள் ஏற்றும் ரேக் 25 கிலோ என்றால் மிச்சம் 50. பெரியவர்களுக்கு 15 கிலோ வீதம் இரண்டு, பிள்ளைகளுக்கு 10, 8 என்று வைத்தால் 48 கிலோ, தப்பித்தோம். அதில் ஒன்று மின்சார சைக்கிளானாலும் கணக்கு உடைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஒன்றுக்கு 3 கிலோ அளவுக்குக் குறையும். ரேக்குக்கும் தனி உச்ச எடை உண்டு, சைக்கிள் சக்கரம் உட்காரும் அதன் ஒவ்வொரு தடத்துக்கும் உண்டு. எது சிறியதோ அதுதான் செல்லும்.

சில கார்களின் கையேடு டிரெய்லருக்கு ஓர் எண்ணும், சைக்கிள் ரேக்குக்கு அதைவிடக் குறைந்த ஓர் எண்ணும் கொடுக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். டிரெய்லரின் பாரம் உருண்டையின்மேல் நேராக இறங்குகிறது. உருண்டையின்மேல் அது தடையில்லாமல் திரும்புவதால் முறுக்கு எதுவும் டோபாருக்குப் போவதில்லை. ரேக்கோ எடையோடு முறுக்கையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஏறும் எடை அதே 75 கிலோவானாலும், டோபார் படும் பாடு வேறு.

அந்த முறுக்கைக் குறைக்கக் காசு செலவில்லாத வழி, கனமான சைக்கிளைக் காரை ஒட்டி வைப்பது. 25 கிலோ சைக்கிளும் 12 கிலோ சைக்கிளும் உருண்டையிலிருந்து 25, 45 சென்டிமீட்டரில் நிற்கின்றன என்போம். கனமானது உள்பக்கம் இருந்தால் கிலோவையும் சென்டிமீட்டரையும் பெருக்கிக் கூட்டினால் 1,165. இடம் மாற்றி வைத்தால் 1,425. அதே இரண்டு சைக்கிள், முறுக்கு மட்டும் 22 சதவீதம் கூடுதல்.

கார் முழுவதும்கூட ஒரு சீசாப் பலகைதான், பின் அச்சு அதன் நடுத்தாங்கி. முன்பின் அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர், சுமையின் மையம் பின் அச்சுக்கு 1.35 மீட்டர் பின்னால் என்றால், நம் 68 கிலோ சுமை முன் அச்சிலிருந்து 34 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சின்மேல் 102 கிலோ ஏறும். டிக்கி நிறையப் பைகளும் பின்சீட்டில் மூன்று பேரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். பின் டயர்களுக்கு முழுச் சுமைக்கான காற்றழுத்தம் வையுங்கள், மேலே தூக்கிப் பார்க்கும் முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள்.

சைக்கிளின் சட்டத்தைப் பிடிக்கும் ரேக்கின் கைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்பன் சட்டம் ஓட்டும்போது வரும் விசைகளைத் தாங்கும்படி இழை அடுக்கிச் செய்தது. ஒரே இடத்தில் நசுக்கினால் மேலே தெரியாமல் உள்ளே விரிசல் விடலாம். அதற்குச் சக்கரத்தை மட்டும் பிடிக்கும் ரேக் நல்லது.

காற்று விஷயத்தில் கூரை ரேக்கைவிட இது எவ்வளவோ மேல். கார் கிழித்துக்கொண்டு போன காற்றின் நிழலில்தான் சைக்கிள்கள் பெரும்பாலும் நிற்கின்றன. மழைக்குப் பயந்து அவற்றின்மேல் உறை போட்டால் அந்த லாபம் போய்விடும். உறை பாய்மரம்போல் வேலை செய்யும், கிளாம்புக்கு அது எதிர்பார்க்காத சுமை. எந்த டயரும் புகைக்குழாயின் வாய்க்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரின் நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறைந்துவிடுவதால் ரேக்கிலேயே இன்னொரு தொகுப்பு இருக்கும். 13 முனை பிளக் என்றால் பின்செல்லும் விளக்கும் எரியும், 7 முனையில் அது கிடையாது. மாட்டியதும் இன்னொருவரைப் பின்னால் நிற்க வைத்து பிரேக், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டு, எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, ரேக்கின் மேல் சட்டத்தைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். கார் ஸ்பிரிங்கோடு சேர்ந்து மொத்தமாக ஆடினால் பிடி சரி. ரேக் மட்டும் ஆடி கார் சும்மா நின்றால், எல்லாவற்றையும் இறக்கி, திருகைச் சரிசெய்து மறுபடி மாட்ட வேண்டும். கிளம்பி 20 கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்துங்கள். அதிர்வில் டயர்கள் தடத்தில் நன்றாக உட்கார்ந்து, சக்கரங்களைக் கட்டியிருக்கும் பல் வைத்த பட்டைகள் ஒன்றிரண்டு பல் அளவுக்குத் தளர்ந்திருக்கும்.