நிலம் உழவருக்கு, வீடு கட்டும் உரிமை மாவட்டத்துக்கு

நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே, லாங் தீவின் கோடியில் இருக்கிறது சஃபோக் மாவட்டம். உருளைக்கிழங்குக்குப் பேர்போன இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரம் கிழக்கே பரவப் பரவ, கிழங்கு வயல்கள் வீட்டு மனைகளாயின. விற்க மனமில்லாத குடும்பமும் மாட்டிக்கொண்டது. பெரியவர் இறந்ததும் பிள்ளைகள் கட்ட வேண்டிய வாரிசு வரி, பில்டர் தரும் விலையை வைத்துத்தான் கணக்கானது. கிழங்கு விற்ற காசில் அதைக் கட்ட முடியுமா? வரிக்காகவே நிலத்தை விற்றார்கள்.

ஜான் க்ளைன் மாவட்ட நிர்வாகத் தலைவராக இருந்தபோது, 1974ல் இதற்கு ஒரு சட்டம் வந்தது. நிலம் விவசாயியிடமே இருக்கட்டும், அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் மாவட்டம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். முதல் ஒப்பந்தங்கள் 1977ல் கையெழுத்தாயின. அமெரிக்காவில் ஓர் உள்ளாட்சி இப்படி இறங்கியது அதுவே முதல்முறை.

ஒரு நிலம் நம்முடையது என்றால் பல உரிமைகள் சேர்ந்து நம் கையில் இருக்கின்றன என்று பொருள். உழலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், மனை போட்டு விற்கலாம். கடைசி உரிமையை மட்டும் தனியே பிரித்து விலை பேசுவதுதான் இந்தத் திட்டம். மதிப்பீட்டாளர் இரண்டு விலை போடுவார். மனை போட முடிந்தால் ஏக்கர் 10,000 டாலர், விவசாயம் மட்டும் என்றால் 4,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏக்கருக்கு 6,000 டாலர், விவசாயிக்குக் கிடைக்கும். அப்புறம் அந்தக் கட்டுப்பாடு, நம் ஊர் வில்லங்கம் போல, நிலத்தின் ஆவணத்தில் ஏறிவிடும். யார் வாங்கினாலும் அது நிலத்தோடே போகும். வந்த பணத்தில் கடனை அடைப்பவர்கள் உண்டு, பங்கு கேட்கும் உடன்பிறப்புகளுக்குக் கொடுத்து நிலத்தைத் துண்டாடாமல் காப்பவர்களும் உண்டு. நிலத்தின் சந்தை விலை இறங்குவதால் வாரிசுகளின் வரிச்சுமையும் குறைகிறது.

யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்கலாம். பல இடங்களில் பணத்தைவிட விண்ணப்பங்கள் அதிகம், அதனால் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். மண்ணின் தரத்துக்கு மதிப்பெண் உண்டு. ஏற்கெனவே காக்கப்பட்ட பண்ணைக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கும் உண்டு.

இந்த இரண்டாவது விஷயம்தான் திட்டத்தின் உயிர் என்பேன். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறையிலிருந்து உருவான வளமான மண், பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது. பால் பண்ணைகள் ஏராளம். பால் லாரி ஒரு சாலையில் பத்துப் பண்ணைகளில் நின்று ஏற்றிக்கொண்டு போனால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். ஏழு பண்ணைகள் மனைகளாகிவிட்டால் மிச்சமுள்ள மூன்றுக்காக லாரி வருமா? தீவனக் கடைக்கும் கால்நடை மருத்துவருக்கும் இதே கணக்குதான். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டால் சாண நாற்றம் என்று புகார் வேறு. தனித்தனியாகக் காத்த பண்ணை வயலாக இருக்கும், தொழிலாக நிலைப்பது கஷ்டம். அதனால்தான் அங்கே அக்கம்பக்கத்துப் பண்ணைகளைச் சேர்த்துச் சேர்த்துக் காக்கப் பார்க்கிறார்கள். எளிய வாழ்க்கை வாழும் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் சமூகத்தில், அரசுப் பணத்தைத் தொடத் தயங்கும் விவசாயிகள் பலர் அங்கே உண்டு. அவர்களையும் சேர்க்கும் வகையில் 1988ல் ஒரு தனியார் அறக்கட்டளையும் தொடங்கியது. இன்று மாவட்டமும் அறக்கட்டளையும் காப்பாற்றியிருப்பது 1 லட்சம் ஏக்கருக்கும் மேல்.

விருப்பத்தின் பேரில் நடப்பதால் குறையும் உண்டு. நடுவில் ஒருவர் மறுத்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். இன்னொரு ஆபத்தை யாரும் எளிதில் கவனிப்பதில்லை. கட்டும் உரிமை போன நிலத்தையும் பணக்காரர் ஒருவர் குதிரை வளர்க்கவோ அங்கே ஏற்கெனவே உள்ள பண்ணை வீட்டுக்காகவோ பெரும் விலைக்கு வாங்கலாம். நிலம் பசுமையாக இருக்கும், இளம் விவசாயிக்குத்தான் எட்டாது. மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு விதி வைத்தது: விவசாயி அல்லாதவருக்கு நிலத்தை விற்க முனைந்தால், அதை விவசாய விலைக்கு வாங்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. அந்த உரிமையை மாநிலம் ஒரு விவசாயிக்கு மாற்றியும் தரலாம். புதிதாகத் திட்டம் தொடங்கும் எந்த உள்ளாட்சியும் இந்த விதியை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கையெழுத்தான பிறகு ஒருதலையாகச் சேர்க்க முடியாது.