டிரவுட் ஓடைக்குப் புறப்படும் முன்: பிராந்தி கம்பளி ஆகாது

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, டிரவுட் மீன் பிடிப்பதற்காகச் சமவெளியிலிருந்து நீலகிரிக்கு வந்திருந்த நான்கு இளைஞர்களில் ஒருவரை, மற்ற மூவரும் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பாறையில் வழுக்கி இடுப்பளவு நீரில் விழுந்த அவர், ஈர ஜீன்ஸோடு இருட்டும் வரை தூண்டில் போட்டிருக்கிறார். நடுங்கத் தொடங்கியதும் நண்பர்கள் பிராந்தி ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றதைப் பார்த்து, குளிர் விட்டுவிட்டது என்று நிம்மதியும் அடைந்திருக்கிறார்கள். இங்கு வந்தபோது அவருடைய உடல் வெப்பம் 31 டிகிரி செல்சியஸ்; இயல்பாக 37 அளவில் இருக்க வேண்டியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதே கதையை, ஆட்கள் மட்டும் மாறி, இன்னும் எத்தனை முறை கேட்பது என்ற சலிப்பில்தான் இதை எழுதுகிறேன்.

டிரவுட் இந்த மண்ணின் மீன் அன்று. ஆங்கிலேயர்கள் பலமுறை முயன்று தோற்ற பிறகு, 1907ஆம் ஆண்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து அதை இந்த ஓடைகளில் பெருக்கினார்கள். வெயில் காயும் சமவெளியை விட்டுவிட்டு இவ்வளவு உயரத்துக்கு அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம், நீரின் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட் செழிக்காது என்பதுதான். ஆகவே அந்த மீன் சுகமாக நீந்தும் இடம் எதுவானாலும், அது மனிதர் நனைந்து நிற்பதற்கான இடம் அன்று. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவது பனி மூடிய இமயமலையில் மட்டுமே நடக்கும் என்று படித்தவர்களே என்னிடம் வாதிடுகிறார்கள். காற்று 10 டிகிரியில் இருந்து, உடை ஈரமாகி, மாலைக் காற்றும் வீசினால் அதுவே போதும். வீட்டில் இருக்கும் பழைய பாதரச வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழே காட்டவே காட்டாது என்பதால், "டெம்பரேச்சர் பார்த்தோம், காய்ச்சல் இல்லை" என்று யாரேனும் சொன்னால் எங்களுக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

இனி பிராந்திக்கு வருகிறேன். குடித்தவுடன் உடம்பு சூடாவதுபோல் தோன்றுவது உண்மைதான். அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. உள்ளே இதயத்தையும் மூளையையும் காத்துக்கொண்டிருந்த வெப்பம், மது விரித்துவிட்ட இரத்தக் குழாய்களின் வழியாகத் தோலுக்கு வந்து வெளியேறிக்கொண்டிருப்பதைத்தான் நீங்கள் கதகதப்பு என்கிறீர்கள். கதவையும் சன்னலையும் திறந்துவைத்துவிட்டு, வாசலில் நின்று வீட்டுச் சூட்டை அனுபவிப்பதற்கு ஒப்பானது அது. அதோடு உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ள வைத்திருக்கும் முக்கிய இயந்திரமான நடுக்கத்தையும் மது மந்தப்படுத்துகிறது; இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது; "போதும், திரும்பிப் போகலாம்" என்று சொல்லக்கூடிய புத்தியையும் கெடுக்கிறது. ரம், விஸ்கி, பிராந்தி என்ற வேறுபாடு இதில் கிடையாது. "மருந்துக்குக் கொஞ்சம்" என்ற கணக்கும் கிடையாது. உடை மாற்றாமல், ஒரு வாய் உண்ணாமல், நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், அவர் தேறிவிட்டார் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். பேச்சுக் குழறும், நடை தடுமாறும். நண்பர்களோ அதைப் போதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த ஓடையில் தூண்டில் போட இப்போது அனுமதி உண்டு என்பதை மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே புறப்படுங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் திருட்டுத்தனமாக நுழைபவர் விழுந்து கிடந்தால், தேடி வருவதற்குக்கூட அவர் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. தென்மேற்குப் பருவமழையில் வராதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சிற்றோடை அந்த மழையில் சிற்றோடையாக இராது. குந்தா மின்திட்ட அணைகளுக்குக் கீழே உள்ள ஓடைகளில், வானம் தெளிந்திருந்தாலும் மதகு திறந்தால் நீர் திடீரென்று ஏறும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கம்பளி அணியுங்கள். முழுதாக ஒரு மாற்றுடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வாருங்கள், அதை வண்டியில் விட்டுவிட்டு ஓடைக்கு இறங்காதீர்கள். ஃபிளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாகச் சுக்குக் காப்பி இருக்கட்டும். முழங்காலுக்கு மேல் நனைந்தவருக்கு அன்றைய மீன்பிடிப்பு அந்த நிமிடமே முடிந்தது. ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். கைபேசி எடுக்காத பள்ளத்தாக்குகள் இங்கு நிறைய இருப்பதால், எந்த ஓடைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கண்ணாடி அணிந்து தூண்டில் வீசுங்கள். கண்ணில் குத்திய தூண்டில் முள்ளை மட்டும் யாரும் பிடுங்க வேண்டாம், அப்படியே அழைத்து வாருங்கள்.

ஒருவர் குளிரில் தளர்ந்துவிட்டால், ஈர உடையைக் கழற்றி, துடைத்து, உலர்ந்த கம்பளியால் தலை உட்படப் போர்த்தி, தரையின் ஈரம் படாமல் கீழேயும் எதையாவது விரித்துப் படுக்க வையுங்கள். கை கால்களைச் சூடுபறக்கத் தேய்க்காதீர்கள், வெந்நீரை ஊற்றாதீர்கள், நடந்தால் சூடாகும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்; குளிர்ந்துபோன இதயம் முரட்டு அசைவிலேயே தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். விழுங்கும் தெளிவு இருந்தால் மட்டுமே இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும். அவரருகே ஒருவர் இருக்க, இன்னொருவர் கைபேசி எடுக்கும் இடத்துக்குப் போய் 108ஐ அழைக்கட்டும். மருத்துவமனையில் நாங்கள் கேட்கும்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவேன்தான், ஆனால் சிகிச்சையை முடித்த பிறகு.