பற்றுச்சீட்டு கேட்ட தாய்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் அதிபராகி இரண்டாம் ஆண்டு. கொழுந்து பறிக்கும் ஒரு தாய், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கான காசைத் தந்துவிட்டு நகராமல் நின்றார். "சேர், துண்டு வேண்டும்" என்றார். பற்றுச்சீட்டுப் புத்தகம் தீர்ந்து இரண்டு வாரமாகியிருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த காசில் சங்கத்தினுடையது எது, என் கைக்காசு எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. அதைக் காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. மறுநாள் நகரத்தில் வாங்கிய புத்தகத்தின் முதல் சீட்டை அவருக்குத்தான் எழுதினேன்.

எங்கள் சிறிய பாடசாலைகள் பலவற்றில் எழுதுவினைஞர் கிடையாது. அதிபரே வகுப்பும் எடுக்க வேண்டும். வங்கிக்கு பஸ் ஏறினால் அரை நாள் போய்விடும். அதனால் காசு இழுப்பறையிலேயே தங்குகிறது. குழாய் உடைந்தால் அதிலிருந்து செலவு, சோக்கு தீர்ந்தால் அதிலிருந்து செலவு. 'பிறகு எழுதலாம்' என்று நினைப்போம். மூன்று மாதம் கழித்துக் கணக்காய்வாளர் முன்னால் உட்காரும்போது நினைவு கைகொடுக்காது.

வந்த காசு முழுவதும் முதலில் வங்கிக்குப் போகட்டும். செலவுக்குக் காசோலை எழுதுங்கள். சில்லறைச் செலவுக்கு ஒரு சிறு தொகையும் தனிப் புத்தகமும் போதும். அரசு தரும் தர உள்ளீட்டு நிதி கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கானது. திருப்பி வைக்கும் எண்ணத்தோடுகூட அதில் கை வைத்துக் குழாய் திருத்தாதீர்கள். வாங்கிய பொருளை அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். கடைகள் தரும் வழுவழுப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். கையோடு பிரதி எடுத்து இணையுங்கள். எங்கள் ஈரக்காற்றில் சாதாரணத் தாளே பூஞ்சணம் பிடிக்கிறது.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. வேலை நாளில் கூட்டம் வைத்தால் அந்த நாள் சம்பளத்தை இழந்துதான் ஒரு தாய் வர வேண்டும். வரவு செலவை வாய்விட்டு வாசித்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தைகள் காப்பகச் சுவரிலும் ஒட்டுங்கள். காசு தர முடியாதவரின் பெயரை மட்டும் எங்கும் வாசிக்காதீர்கள். அதற்காக ஒரு பிள்ளையை ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை.

புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி, தங்கைகளே, அலுமாரிச் சாவியை வாங்குவதற்கு முன் வங்கி மீதியை எழுத்தில் கேளுங்கள். பதிவேட்டையும் பொருளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்து அதன் பிறகு.